நோட்டீஸ் அச்சுக்குப் போகும் முன்: புதிதாகத் தொழில் தொடங்கும் சித்த மருத்துவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள மருத்துவர்களே,

வணக்கம். ஐந்தரை ஆண்டு சித்த மருத்துவப் பட்டப்படிப்பான பி.எஸ்.எம்.எஸ். முடித்து, கவுன்சிலில் பதிவெண் வாங்கி, அட்வான்ஸ் கொடுத்து ஓர் அறையும் பிடித்தாயிற்று. இனி ஆள் வர வேண்டும். சரியாக அந்த நேரம் பார்த்து ஒருவர் வருவார். "சார், நோட்டீஸ் அடிச்சு பேப்பர்காரப் பையன்கிட்ட குடுத்துடலாம், ஃபேஸ்புக்ல பூஸ்ட் போட்டுடலாம்" என்பார். வாசகம் அவரிடமே தயாராக இருக்கும். பெயரையும் போன் நம்பரையும் மாற்றினால் போதும்:

"சர்க்கரை நோய்க்கு 48 நாளில் நிரந்தரத் தீர்வு! நூறு சதவீதம் மூலிகை! பக்கவிளைவு அறவே இல்லை! இனி ஊசி, மாத்திரை வேண்டாம்! முதலில் வரும் 50 பேருக்கு 40% தள்ளுபடி!"

ஐந்து வரி. ஐந்திலும் கோளாறு. அதை வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளும் முன் எங்களோடு சேர்ந்து ஒருமுறை வாசித்துப் பாருங்கள்.

முதல் வரி நேரடியாகச் சட்டத்தில் முட்டுகிறது. மருந்துகள், மந்திர சிகிச்சைகள் தொடர்பான ஆட்சேபத்துக்குரிய விளம்பரங்கள் சட்டம் 1954-இல் வந்தது. அதன் அட்டவணையில் 54 நோய்கள், உடல்நிலைகள். சர்க்கரை, புற்றுநோய், வலிப்பு, பக்கவாதம், இரத்த அழுத்தம், உடல்பருமன், வெண்புள்ளி, சிறுநீரகக் கல், மூட்டுவாதம், ஆண்மைக்குறைவு, பெண்களின் மலட்டுத்தன்மை, மாதவிடாய்க் கோளாறு, பொதுவாகக் காய்ச்சல் என்று நீள்கிறது அது. இவற்றில் எதையும் ஒரு மருந்து தீர்க்கும், தணிக்கும், வராமல் தடுக்கும் என்று விளம்பரம் செய்யக் கூடாது. முதல் முறை தண்டனை ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். மறுபடி செய்தால் ஓராண்டு வரை.

'விளம்பரம்' என்றால் பேப்பரில் வருவது மட்டும்தானே என்று கேட்பவர்கள் உண்டு. சட்டம் எழுதியவர்கள் கெட்டிக்காரர்கள். நோட்டீஸ், சுற்றறிக்கை, லேபிள், உறை, வாயால் சொல்வது, ஒளி, ஒலி, புகை வழியாக அறிவிப்பது வரை எல்லாவற்றையும் சேர்த்துவிட்டார்கள். வானத்தில் புகையால் எழுதினாலே விளம்பரம் என்கிறபோது வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் எப்படித் தப்பும்?

மருந்து விளம்பரங்களுக்கு முன்அனுமதி கேட்ட விதி 170 என்று ஒன்று 2018 டிசம்பரில் வந்தது. 2024-இல் மத்திய அரசு அதை நீக்கி, விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. அதைக் காட்டி "இனி எதை வேண்டுமானாலும் போடலாம் சார்" என்று சொல்பவரை நம்ப வேண்டாம். 1954 சட்டம் இருந்த இடத்திலேயே இருக்கிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 வேறு இருக்கிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையும், மறுமுறை 50 லட்சம் வரையும் அபராதம் போட அதில் இடமுண்டு. பொருளைப் பரிந்துரைத்துப் பேசுகிறவருக்கும் அது பொருந்தும். யூடியூபர் ஒருவரைக் கூட்டிவந்து பேச வைத்தால் அவரும் மாட்டுவார். காசு வாங்கிப் பேசியதை அவர் வெளிப்படையாகச் சொல்லவும் வேண்டும்.

உங்களுக்குச் சாதகமான ஒரு பிரிவும் அதே 1954 சட்டத்தில் இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. பதிவு பெற்ற மருத்துவர், தாம் தொழில் செய்யும் இடத்திலேயே வைக்கும் பலகையிலோ அறிவிப்பிலோ இன்ன நோய்க்கு இங்கே சிகிச்சை தரப்படுகிறது என்று எழுதலாம். அது 14-ஆம் பிரிவில் உள்ள விலக்கு. உங்கள் வாசல் பலகையில் 'மூட்டுவாதத்துக்குச் சிகிச்சை அளிக்கப்படும்' என்று எழுதலாம். அதே பலகையைப் பெரிதாக்கி நாற்சந்தியில் ஃபிளெக்ஸாகக் கட்டினால் விலக்கு போய்விடும். நினைவில் வைக்க எளிய வழி: வாசலைத் தாண்டிப் போகும் எதிலும் மருந்தின் பெயரையும் நோயின் பெயரையும் ஒரே வரியில் சேர்க்காதீர்கள்.

48 நாள் கணக்குக்கு வருவோம். ஒரு மண்டலம் என்பது நம்மிடம் பழகிய சொல்தான். ஆனால் எல்லாருக்கும் ஒரே மண்டலம் என்று நோட்டீஸில் போடும்போது நாடி பார்ப்பதற்கே வேலையில்லாமல் போகிறது. 'நோய்நாடி நோய்முதல்நாடி' என்ற 948-ஆம் குறளைப் போடாத சித்த மருத்துவமனைப் பலகையைக் காண்பது அரிது. அடுத்த குறளையும் யாராவது எழுதி வைக்கலாம்: நோயாளியின் அளவு, பிணியின் அளவு, காலம் மூன்றையும் கருதிச் செய்யச் சொல்கிறது 949. நோட்டீஸின் முதல் வரிக்கு வள்ளுவர் எழுதிய மறுப்பு போலவே இருக்கும்.

'நூறு சதவீதம் மூலிகை' என்பது பொய். நீங்கள் பற்பமும் செந்தூரமும் (புடமிட்டுச் செய்யும் பொடிகள்) கொடுப்பவராக இருந்தால் அதில் உலோகமும் உப்பும் உபரசம் எனும் கனிமங்களும் இருக்கும். சித்தத்தின் தனித்தன்மையே அதுதான், அதை மறைத்துவிட்டு எதைச் சந்தைப்படுத்துகிறோம்? சீட்டில் மருந்தின் பெயரை முழுதாக எழுதுங்கள். 'பொடி–1, மாத்திரை–2' என்று எழுதுவது, நாளை அவர் அவசர சிகிச்சைப் பிரிவில் படுத்திருக்கும்போது அங்கிருக்கும் மருத்துவரைக் குருடாக்கும்.

'பக்கவிளைவு இல்லை' இன்னும் மோசம். பாதரசம், பாடாணம், எட்டி முதலியவை நச்சுப் பொருள்கள் என்று மருந்து விதிகளின் இ-1 அட்டவணையிலேயே இருக்கின்றன. சேராங்கொட்டையைச் சுத்தி செய்யாமல் தொட்டால் தோல் கொப்பளிக்கும் என்று உங்களுக்கு முதல் ஆண்டிலேயே தெரியும். சேதம் எங்கே நடக்கிறது என்றால், பக்கவிளைவே இல்லை என்று படித்துவிட்டு வந்தவர், வயிறு எரிந்தாலும் அரிப்பு வந்தாலும் மருந்தைச் சந்தேகிக்க மாட்டார். "அது வெளியே தள்ளுது போல" என்று தானே சமாதானம் சொல்லிக்கொண்டு தொடர்ந்து சாப்பிடுவார். அதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்: 'மருந்து ஒத்துக்கொள்ளவில்லை என்று தோன்றினால் நிறுத்திவிட்டு இந்த எண்ணுக்கு அழைக்கவும்.' அழைத்தால் எடுக்கவும் வேண்டும்.

'இனி ஊசி வேண்டாம்' என்பதைப் பற்றி நீட்டிப் பேச ஒன்றுமில்லை. இன்சுலினை நம்பியிருக்கும் உடம்பு அதை நிறுத்தினால் இரத்தம் அமிலமாகிப் போகும். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று விட்டவருக்கு வலிப்பு நிற்காமல் தொடரலாம். இந்த ஒரு வரியால் ஆள் சாகலாம்.

தள்ளுபடியும் பேக்கேஜும் வேறு ரகம். 48 நாள் மருந்தை முன்பணம் வாங்கிக் கொடுத்தால், பத்தாம் நாள் மருந்தை மாற்ற வேண்டும் என்று உங்களுக்கே தோன்றினாலும் கை வராது. காசு கொடுத்தவருக்கும் விட்டுப்போக மனம் வராது. முதல் தடவை ஏழு முதல் பத்து நாளுக்கு மட்டும் மருந்து கொடுங்கள். மறு வருகையில் பார்த்துவிட்டு மேலே போகலாம். கல்லா கொஞ்சம் மெதுவாகத்தான் நிறையும்.

சரி, எதைத்தான் எழுதுவது? குணமாவதை வாக்களிக்காமல், உள்ளே என்ன நடக்கும் என்பதை எழுதுங்கள். ஒரு மாதிரி:

"மரு. (பெயர்), பி.எஸ்.எம்.எஸ்., பதிவெண் (எண்). சித்த மருத்துவம். திங்கள் முதல் சனி வரை, காலை 9–1, மாலை 5–8. முதல் ஆலோசனை சுமார் 30 நிமிடம், கட்டணம் ரூ. (தொகை). மறு ஆலோசனை ரூ. (தொகை). மருந்துக்குத் தனிக் கட்டணம். மருந்தின் பெயரும் அளவும் பத்தியமும் சீட்டில் எழுதித் தரப்படும். தொக்கணம் (உடம்பைப் பிடித்துவிடுதல்), ஒற்றடம் முன்பதிவில் மட்டும். பழைய பரிசோதனை அறிக்கைகளையும் இப்போது எடுக்கும் எல்லா மாத்திரைகளையும் கொண்டு வரவும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், முகம் கோணல், வாய் குழறல், விபத்துக் காயம் என்றால் இங்கு வராமல் 108-ஐ அழைக்கவும்."

அச்சகத்தில் "ரொம்ப வறட்சியா இருக்கே சார்" என்பார்கள். இருக்கட்டும். இதில் வேலை செய்வது கடைசி வரிதான். எதற்குத் தன்னிடம் வரக் கூடாது என்று சொல்லும் மருத்துவரை வீட்டுப் பெரியவர்கள் நம்புவார்கள். லாட்ஜில் அறை எடுத்து மாதம் ஒருமுறை வந்துபோகும் வைத்தியரின் நோட்டீஸில் அந்த வரி இருக்காது. சிட்டுக்குருவி லேகியம் இன்றைக்கும் நகைச்சுவைத் துணுக்காக இருப்பதற்கு அவர்கள் தந்த கொடை பெரிது. அந்தக் கேலி உங்கள் பலகை மேலும் விழும்.

பட்டத்தில் ஒரு சில்லறைத் தில்லுமுல்லு நடக்கிறது. எம்.டி. (சித்தா) என்பதில் அடைப்புக்குறியைச் சின்னதாக்கி, பிறகு காணாமலே போக்குவது. அப்படிச் செய்தால், நோயாளி உண்மை தெரிந்து அவமானப்படுவது உங்கள் அறையில் உட்கார்ந்திருக்கும்போதுதான். 'சித்த மருத்துவம்' என்ற சொல்லைப் பெயரைவிடப் பெரிதாக எழுதுங்கள்.

இலவச முகாம் நல்ல அறிமுகம்தான், கணக்குப் போட்டுச் செய்தால். நாடி முதலிய எட்டையும் பார்க்கும் எண்வகைத் தேர்வை ஒப்புக்காவது முறையாகச் செய்ய ஒருவருக்கு 20 நிமிடம் வேண்டும். மூன்று மணி நேர முகாமில் ஒரு மருத்துவர் 9 பேரைப் பார்க்கலாம். இரண்டு பேர் என்றால் 18 டோக்கன். '200 பேர் பயனடைந்தனர்' என்று படம் போடுகிற முகாமில் நாடியை யாரும் பார்த்திருக்க முடியாது, வந்தவர்களுக்கும் அது தெரியும். வரிசையில் நிற்பவர்களுக்கு நிலவேம்புக் குடிநீர் கொடுப்பதானால் அளவு பிசகக் கூடாது. ஒருவருக்கு 5 கிராம் சூரணம், 240 மில்லி தண்ணீர், நாலில் ஒன்றாக வற்றவைத்து 60 மில்லி. 50 பேருக்கு 250 கிராம் சூரணமும் 12 லிட்டர் தண்ணீரும் போட்டு 3 லிட்டராக இறக்க வேண்டும். பெரிய அண்டாவில் 12 லிட்டர் வற்ற நேரம் பிடிக்கும். கூட்டம் வந்த பிறகு அடுப்பைப் பற்றவைத்துப் பாதி வற்றியதிலேயே ஊற்றிக் கொடுப்பதுதான் வழக்கமாக நடக்கும் பிழை. விடியற்காலையிலேயே ஏற்றுங்கள், மீந்ததை மறுநாளுக்கு வைக்காதீர்கள். மேசைக்குப் பின்னால் 'டெங்கு வராது' என்று பேனர் மட்டும் கட்டிவிடாதீர்கள். காய்ச்சல் அந்த 54-இல் ஒன்று.

கூகுள் பக்கத்துக்குச் செலவே இல்லை. சாலையிலிருந்து வாசல் தெரியும் ஒரு படம், காத்திருக்கும் பெஞ்ச், தொக்கண மேசை, மருந்து அலமாரி, விடுமுறை நாள் போதும். விமர்சனம் எழுதினால் ஒரு பாட்டில் தைலம் இலவசம் என்று சொல்லாதீர்கள், கூகுள் விதிப்படியே அது தவறு. பதில் எழுதும்போதுதான் பலரும் சறுக்குகிறார்கள். 'உங்கள் மூட்டுவலி குறைந்ததில் மகிழ்ச்சி அம்மா' என்பது அன்பாகத் தோன்றும்; அந்த அம்மாவின் நோயை ஊருக்கே சொன்ன பதில் அது. 'நேரம் ஒதுக்கி எழுதியதற்கு நன்றி' என்று நிறுத்துங்கள். திட்டி எழுதினால், 'நேரில் அல்லது தொலைபேசியில் பேசலாம், எங்கள் எண் இது' என்பதோடு முடியுங்கள். அவர் உங்களிடம் வந்தார் என்பதைக்கூட அங்கே ஒப்புக்கொள்ளத் தேவையில்லை.

'முன்–பின்' படங்களை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. காளாஞ்சகப்படையையே (சோரியாசிஸ்) எடுத்துக்கொள்ளுங்கள். 54-இல் அது இல்லை என்பது உண்மை. ஆனால் ஏறுவதும் இறங்குவதும் அந்த நோயின் சுபாவம். ஏறியிருந்தபோது ஒரு படமும் இறங்கியபோது ஒரு படமும் எடுத்தால் எந்த எண்ணெயும் வென்றதாகத்தான் தெரியும். மஞ்சள் பல்பு, வெள்ளை டியூப்லைட் வித்தியாசமே பாதி வேலையைச் செய்துவிடும். கட்டாயம் போட்டே ஆக வேண்டுமென்றால், சிகிச்சை ஒப்புதலோடு சேர்க்காமல் தனித் தாளில் ஒப்புதல் வாங்குங்கள். எந்தப் படம், எங்கே வரும், வேண்டாம் என்றால் எப்படி எடுக்கச் சொல்வது என்று அதில் இருக்க வேண்டும். முகத்தை மறைத்தால் போதாது. பச்சை குத்தியதையும் தாலிக்கொடியையும் வைத்தே ஊர் ஆளைக் கண்டுபிடித்துவிடும்.

வீடியோ எடுக்க ஆசையிருந்தால் மருந்து உருவாவதை எடுங்கள். வெட்பாலை இலையைக் கையால் கிள்ளித் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைத்தால் சில நாளில் எண்ணெய் கருஊதாவாக மாறும். கண்ணாடிப் பாத்திரத்தை ஒரே இடத்தில் வைத்துத் தினமும் பத்து வினாடி எடுத்துக் கோத்தால் ஒன்றரை நிமிடத்துக்குள் முடிந்துவிடும். மேலே எந்த நோயின் பெயரும் வேண்டாம். இது எதற்கு என்று கேட்டு கமென்ட் வரும். 'பார்த்துத்தான் சொல்ல முடியும்' என்பதே அதற்குப் பதில். உங்கள் தொழிலும் அதுதானே.

போஸ்டரைச் சுவரில் ஒட்டாதீர்கள். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் தமிழ்நாட்டுச் சட்டம் 1959-லிருந்தே இருக்கிறது. அது போக, பேருந்து நிலையக் கழிப்பறைச் சுவரில் உங்கள் பெயருக்குப் பக்கத்தில் யாருடைய போஸ்டர் ஒட்டியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

இப்படிக்கு,
சித்த மருத்துவர்கள் சிலரும், அவர்களுக்குப் பலகையும் நோட்டீஸும் எழுதித் தருவோர் சிலரும்