அக்காவுக்கு, அந்தக் கட்டைவிரல் படம் பற்றி

அக்கா,

உங்கள் மகள்தான் இதைப் படித்துக் காட்டுவாள். பாதியில் நிறுத்தச் சொல்லாமல் முழுசாகக் கேளுங்கள். ஊர், கடை, உங்கள் பெயர் எதையும் நான் எழுதவில்லை. நம் ஆட்களைத் தவிர வேறு யார் யார் படிப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

நேற்று ராத்திரி அந்தப் படத்தை எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட்டேன். கண்காட்சிக்குக் கேட்டவர்களிடமும் முடியாது என்று சொல்லிவிட்டேன். அந்தப் படம் எடுத்து இந்த மாதத்தோடு நான்கு வருடம் ஆகிறது.

சூளையில் கல் அறுத்துத் தேய்ந்த விரலின் ரேகை, ரேஷன் கடை மெஷினில் எப்படி விழும்? நாலாவது தடவைதான் விழுந்தது. விழுந்த பிறகும் நீங்கள் முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டே இருந்தீர்கள், ஜன்னல் வெளிச்சம் நேராக அந்த நகத்தில் விழுந்தது, நான் குனிந்து படம் எடுத்துக்கொண்டிருந்தேன். இன்னொரு கையால் போனை என் பக்கம் நீட்டினீர்கள். "தம்பி, மெசேஜ் வந்திருக்கு, எத்தனை கிலோன்னு போட்டிருக்கு, பாரு." நான் "ஒரு நிமிஷம்க்கா" என்றேன். அந்த ஒரு நிமிஷத்தில் தராசிலிருந்து அரிசி உங்கள் பைக்குப் போய், அடுத்த ஆளுடைய கார்டும் வாங்கியாகிவிட்டது. மெசேஜில் 35 கிலோ. பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு லேசாக இருக்கிறது என்றீர்கள். சரியாகத்தான் இருக்கும் என்று நான் சொன்னேன். எதைப் பார்த்துச் சொன்னேன்?

உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. கண்காட்சிக்காரர்கள் பெரிய அளவில் கேட்டதால் போன மாதம் வெட்டாத மூலப்படத்தைத் திறந்தேன். இடது ஓரத்தில் தராசு இருக்கிறது, அதில் சிவப்பு எழுத்தில் 31.600. சிவப்பு கண்ணை இழுக்கிறது, விரலைப் பார்க்க விடாது என்று நான்தான் அந்த ஓரத்தை வெட்டியிருக்கிறேன், அது என்ன எண் என்றுகூடப் படிக்காமல். எத்தனை பேர் அந்தப் படத்தைப் பாராட்டினார்கள் அக்கா. உங்கள் மூன்று கிலோ நானூறு கிராம் அதற்கு வெளியே கிடந்தது.

மன்னித்துவிடுங்கள்.

ஆனால் அந்தப் படம் வந்த பிறகுதான் அதிகாரிகள் ஊருக்குள் வந்தார்கள். ரேகை விழவில்லை என்றாலும் பொருள் கொடுத்தாக வேண்டும் என்ற விதி முன்பே இருந்ததுதான், அதைக் கடைச் சுவரில் எழுதி வைத்தது அதற்கப்புறம்தான். இதையும் நீங்கள் சொல்லியிருக்கலாம். சங்கக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் "தம்பி படத்துக்கு வந்தவரு" என்றீர்களே, அது இன்னும் ஆறவில்லை. 2020 ஊரடங்கில் 1000 ரூபாயும் அரிசியும் கார்டு இருந்தவர்களுக்கு மட்டும்தான் என்றபோது, கார்டே இல்லாத 11 இருளர் குடும்பங்களுக்கு வீடு வீடாகப் போய் விவரம் எழுதியது யார்? திங்கட்கிழமைகளில் விடியற்காலைப் பஸ் பிடித்து கலெக்டர் ஆபீசில் மனுவோடு நின்றது யார்? படத்துக்கு வந்தவன் அத்தனை திங்கட்கிழமை வருவானா?

சரி, நீங்களும்தான் வந்தீர்கள். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு வந்தீர்கள். நான் விட்டது ஒன்றுமில்லை.

கடையில் எடை போடுகிற அண்ணன் மேல் பழி போட இதை எழுதவில்லை. மூட்டை கிடங்கிலிருந்தே குறைவாக வருகிறது, அந்தக் குறைவை அவர் யார் தலையிலாவது இறக்குகிறார், அது கேள்வி கேட்கத் தெரியாதவர் தலையாக இருக்கிறது. அதனால் நான் இப்போது எழுதியிருக்கும் மனு கடையைப் பற்றி இல்லை. கிடங்கிலிருந்து வரும் ஒவ்வொரு மூட்டையையும் கடை வாசலில், ஊர் ஆட்கள் முன்னால் எடை போட்டு இறக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். இதற்கு மேல் இங்கே வேண்டாம்.

வெட்டாத படத்தை மனுவோடு வைக்க நினைக்கிறேன். விரல் உங்களுடையது, அன்றைக்கு நான் கேட்கவில்லை, இப்போது கேட்கிறேன். வேண்டாம் என்றால் விரலை வெட்டிவிட்டு தராசை மட்டும் வைக்கிறேன். பழைய மெசேஜ் போனில் இருந்தால் அழிக்க வேண்டாம் என்று மகளிடம் சொல்லுங்கள்.

ஞாயிறு சாயங்காலம் கூப்பிடுகிறேன். கோபம் இருந்தாலும் எடுங்கள் அக்கா.