அம்பயராகும் பிள்ளைக்கு முதலில் கவசம், பிறகே சீருடை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோடை விடுமுறையில் மாணவர்கள் செய்யக்கூடிய பகுதிநேர வேலைகளைப் பற்றித் தங்கள் பத்திரிகையில் அண்மையில் வெளிவந்த கட்டுரையை ஆர்வத்தோடு படித்தேன். பேஸ்போல் அம்பயர் வேலையையும் அந்த வரிசையில் சேர்த்திருந்தது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது. ஆயினும் 'ஒரு சட்டையும் தொப்பியும் வாங்கினால் வேலையைத் தொடங்கிவிடலாம்' என்று அதில் இருந்த ஒரு வரியைப் படித்தபின் பேசாமல் இருக்க முடியவில்லை. 2025ஆம் ஆண்டு ரொறன்ரோவின் புளூ ஜேஸ் அணி, வட அமெரிக்காவின் உயர்மட்டத் தொழில்முறை பேஸ்போலான மேஜர் லீக்கின் இறுதிச் சுற்றாகிய உலகத் தொடரில் ஏழாவது ஆட்டம் வரை சென்றதிலிருந்து எனக்குத் தெரிந்த பல தமிழ்க் குடும்பங்களில் பேஸ்போல் பேச்சாகவே இருக்கிறது. விளையாடும் வயதைத் தாண்டும் பிள்ளைகளில் சிலர் அம்பயர் பயிற்சிக்கும் பெயர் கொடுக்கிறார்கள். அந்த வரியை நம்பி ஒரு தாயோ தந்தையோ பிள்ளையை மைதானத்துக்கு அனுப்பிவிடக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

கட்டுரையாளரை நான் குறை சொல்லவில்லை. கிரிக்கெட் பார்த்து வளர்ந்த நமக்கு நடுவர் என்றதும் நினைவில் எழுவது, வெள்ளை மேலங்கியும் அகன்ற தொப்பியும் அணிந்து, பந்து வீசும் முனையில் அமைதியாக நிற்கும் ஒருவரின் தோற்றம்தான். பந்தை எதிர்கொள்ளும் துடுப்பாளருக்கும் அவருக்கும் இடையில் ஆடுகளத்தின் 22 யார் நீளம் கிடக்கிறது. பேஸ்போலில், துடுப்பாளர் நிற்கும் இடத்தில் தரையில் பதித்திருக்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் நிற்கும் அம்பயரின் நிலை அப்படியன்று. அவர், துடுப்பாளருக்குப் பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிக்கும் கேச்சருக்குப் பின்னால், துடுப்பாளர் நிற்கும் பக்கமாகச் சற்று விலகி, கேச்சரின் தலைக்கு மேலாகக் கண் தெரியும் அளவுக்குக் குனிந்து நிற்கிறார். 142 முதல் 149 கிராம் வரை எடையுள்ள, கிரிக்கெட் பந்தை விடச் சற்றே இலேசான அந்தப் பந்து, வளர்ந்தவர்களின் ஆட்டத்தில் 60 அடி 6 அங்குலத் தூரத்திலிருந்து அவரை நோக்கித்தான் வீசப்படுகிறது. துடுப்பின் விளிம்பில் உரசித் திசை மாறும் பந்து கேச்சரின் கையுறைக்குத் தப்பினால், அடுத்து அது தொடுவது அம்பயரின் உடலைத்தான். விலகிக்கொள்ள அவகாசமே கிடையாது. விலகிக்கொள்ளவும் கூடாது, ஏனெனில் கண்ணை அசைக்காமல் பந்தைப் பார்ப்பதுதான் அவருடைய வேலை.

இது எனக்குப் பட்டுத் தெரிந்த பாடம். மகன் விளையாடிய சங்கத்தில் அம்பயர்கள் போதவில்லை என்று கேட்டார்கள் என்பதால், நாற்பது வயதைக் கடந்த பிறகு பயிற்சி வகுப்புக்குப் போய் இந்த வேலைக்கு வந்தவன் நான். முதல் ஆண்டில் சட்டை, காற்சட்டை, தொப்பி எல்லாம் புதிதாக வாங்கினேன். நெஞ்சுக் கவசத்துக்கு மட்டும், யாரோ ஒரு கேச்சர் பயன்படுத்திக் கழித்ததை இருபது டொலருக்கு வாங்கி, அது சட்டைக்குள் அடங்காததால் தோள்வார்களைத் தளர்த்திக் கீழே இறக்கிக் கட்டிக்கொண்டேன். யூன் மாதத்தில் ஒரு மாலை, ஸ்காபரோவில் 15 வயதுக்கு உட்பட்டோருக்கான ஆட்டம். மூன்றாம் இனிங்ஸில் ஒரு பந்து துடுப்பின் மேல்விளிம்பில் பட்டு நேரே மேலேறி என் இடது காறை எலும்பில் இறங்கியது. முகத்தைக் காக்கும் கம்பி மாஸ்க்கின் கீழ்விளிம்புக்கும் நெஞ்சுக் கவசத்தின் மேல்விளிம்புக்கும் இடையில் நான்கு விரல் அகலத்துக்குச் சட்டைத் துணி மட்டுமே இருந்தது. பந்து சரியாக அங்கேதான் பட்டது. எலும்பு முறியவில்லை என்றாலும், மூன்று வாரத்துக்கு வேலைத்தலத்தில் மேல் தட்டிலிருந்து ஒரு பெட்டியை இறக்க என்னால் முடியவில்லை. ஆட்டம் முடிந்ததும், மற்றைய அம்பயராக நின்ற அனுபவசாலியான ஒரு பெரியவர் என்னைத் தம்முடைய காரருகே அழைத்துச் சென்று, தம் கவசத்தை எடுத்து என் தலைவழியே மாட்டி, தோள்வாரை இரண்டு அங்குலம் இறுக்கினார். அதன் மேல்விளிம்பு என் கழுத்தடியில் வந்து நின்றது. வயிற்றைக் காப்பதற்காகக் கவசத்தைக் கீழே இறக்குவதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு என்றும், காறை எலும்பு மூடியிருக்கிறதா என்பதையே முதலில் பார்க்க வேண்டும் என்றும் அவர் சொன்னார்.

கேச்சரின் கவசமும் அம்பயரின் கவசமும் ஒன்றல்ல என்பதையும் அன்றுதான் விளங்கிக்கொண்டேன். கேச்சரின் கவசம் மென்மையானது. உடலில் பட்ட பந்து எகிறி ஓடாமல் காலடியிலேயே விழ வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்கிறார்கள். அது சீருடைக்கு வெளியே அணியப்படுவது. அம்பயரின் கவசமோ பெரும்பாலும் கடினமான தகடுகளும் அவற்றுக்கு அடியில் தடித்த மெத்தையும் கொண்டு, தோள்முனைகளையும் மூடி, சட்டைக்குள் அடங்கும்படி அமைந்திருக்கும். தகடு அடியைப் பரப்பிவிட, மெத்தை அதை வாங்கிக்கொள்கிறது. ஒரு காலத்தில் மேஜர் லீக்கின் இரு பிரிவுகளில் ஒன்றான அமெரிக்கன் லீக்கின் அம்பயர்கள் தலையணை போன்ற பெரிய கவசத்தைச் சட்டைக்கு வெளியே கையில் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மேஜர் லீக்கில் அதைக் கடைசிவரை பயன்படுத்திய ஜெரி நியூடெக்கர் 1985இல் ஓய்வு பெற்றார். அதன்பின் அங்கே எல்லோரும் உட்கவசத்துக்கே மாறிவிட்டார்கள். உட்கவசம் அளவாகப் பொருந்தாவிட்டால் அதை அணிந்து பயனில்லை. வளர்ந்தவரின் கவசத்தைப் பதினான்கு வயதுப் பிள்ளைக்கு மாட்டினால் அது தோளில் நிற்காமல் சரிந்து, எனக்கு நேர்ந்த அதே இடைவெளியைத்தான் உண்டாக்கும்.

நெஞ்சைப் பற்றி இன்னொன்றையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். இதயத் துடிப்பின் மிகக் குறுகிய ஒரு கணத்தில் நெஞ்சில் பந்து பட்டால், எலும்புக்கு எந்தச் சேதமும் இல்லாமலே துடிப்பின் சீர் குலைந்து இதயம் நின்றுவிடக்கூடும். அரிதாகவே நடக்கிறது என்றாலும், பெரும்பாலும் இளவயதினருக்கே நடக்கிறது. இதை முன்னிட்டே அமெரிக்க உயர்நிலைப் பள்ளி ஆட்டங்களில், 2020 முதல் கேச்சர்கள் அணியும் நெஞ்சுக் கவசம் நொக்சீ என்ற தரநிர்ணய அமைப்பின் வரையறைக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும் என்று விதித்தார்கள். அம்பயர் கவசம் வாங்கும்போதும் அந்த முத்திரை இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள். விலையைக் கேட்பதற்கு முன் அதைக் கேளுங்கள்.

மாஸ்க் விடயத்தில் நான் சற்று விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது. கேச்சரின் பழைய பாணி மாஸ்க்கை அம்பயரும் அணியலாம், அதில் தவறில்லை. ஆனால் கம்பி வளைந்ததையோ, பற்றுவைத்த இடத்தில் விரிசல் கண்டதையோ, மெத்தை நசுங்கித் தகடாகிப் போனதையோ யாராவது இலவசமாகத் தந்தாலும் வாங்க வேண்டாம். இரும்புக் கம்பியாலானது கனமானது, விலை குறைவு. டைட்டானியம் இலேசானது, விலை பல மடங்கு. தொடக்கக்காரருக்கு நல்ல மெத்தையுள்ள இரும்பு மாஸ்க் போதும் என்பது என் கருத்து. பலரும் அறியாத ஒன்று, மாஸ்க்கின் வாரை மிக இறுக்கமாகக் கட்டக்கூடாது என்பது. ஓடும்போது ஆடாத அளவுக்குப் பிடித்திருந்தால் போதும். பந்து பட்டவுடன் மாஸ்க் திரும்பியோ கழன்றோ போனால், அடியின் ஒரு பகுதியை அது தன்னோடு எடுத்துக்கொண்டு போகிறது. இறுக்கிக் கட்டியிருந்தால் அவ்வளவும் தலைக்குள் இறங்கும். ஹொக்கி கோலியின் தலைக்கவசத்தைப் போன்ற வடிவில் வருபவை தலையின் பக்கங்களையும் பின்புறத்தையும் காக்கும். துடுப்பாளர் சுழற்றி முடிக்கும் துடுப்பு தலையில் படும் ஆபத்துக்கு அது நல்ல காப்பு. ஆனால் யூலை மாத வெக்கையில் அதை இரண்டு மணி நேரம் அணிந்திருப்பது கடினம் என்பதையும் சொல்ல வேண்டும். கண்ணாடி அணியும் பிள்ளை கண்ணாடியோடுதான் மாஸ்க்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். நான் கண்ணாடி அணிபவன். மெத்தை மெல்லியதாக இருந்த ஒரு மாஸ்க்கில் கண்ணாடிச் சட்டம் புருவத்தை அழுத்திக்கொண்டே இருந்ததை மறக்க முடியாது.

தொண்டைக்கு நேராகத் தொங்கும் சிறு தகட்டை அழகுக்காக மாட்டியது என்று எண்ணிக் கழற்றி வைப்பவர்களையும் பார்த்திருக்கிறேன். 1976இல், அடுத்துத் துடுப்பாடக் காத்து நின்ற டொட்ஜர்ஸ் அணியின் கேச்சர் ஸ்டீவ் யேகரின் கழுத்தில், முறிந்து பறந்த துடுப்பின் சிராய்கள் பாய்ந்தன. அவர் தப்பிப் பிழைத்த பிறகு அவருக்காக வீரர்களின் காயங்களைக் கவனிக்கும் அணியின் உடற்சிகிச்சையாளர் பில் பூலர் உருவாக்கியதே அந்தத் தகடு. மாஸ்க்கிலேயே கீழே நீண்ட கம்பி இல்லாவிட்டால் அதைக் கட்டாயம் தொங்கவிட வேண்டும்.

தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி ஏற்படுவதைப் பற்றி ஒன்ராறியோவில் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ரக்பி ஆட்டத்தில் தலையில் அடிபட்டு 2013இல் உயிரிழந்த ஒட்டாவா மாணவி ரோவன் ஸ்ட்ரிங்கரின் பெயரில் 2018இல் இந்த மாகாணம் சட்டமே இயற்றியிருக்கிறது. மாஸ்க்கில் பலமாகப் பந்து பட்ட பிறகு தலை சுற்றினாலும், வெளிச்சம் கூசினாலும், எத்தனையாவது பந்து என்று மறந்துபோனாலும் ஆட்டத்தை நிறுத்திவிட்டு வெளியே வர வேண்டும் என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள். ஆட்டத்தை நடத்துபவர்கள் தாங்களே என்பதால், இளம் அம்பயர்கள் அதைச் சொல்ல வெட்கப்பட்டு ஆட்டத்தைத் தொடர்ந்துவிடுகிறார்கள்.

கால்களுக்கு வருவோம். கணைக்கால் கவசம் பழையதாக இருந்தாலும் குற்றமில்லை. முழங்கால் மூடியும் பாதத்தின் மேற்பகுதியும் மறைந்தால் சரி. சப்பாத்துதான் முக்கியம். மண்ணில் மோதாமல் நேரே இறங்கும் பந்து கால்விரல்களைத்தான் தேடி வரும். பிளேட் சப்பாத்து எனப்படுவதில் விரல்களுக்கு மேல் இரும்பு அல்லது கடினமான கலவைப் பொருளாலான மூடி இருக்கும், பாதத்தின் மேல் தனித் தகடும் இருக்கும். தொழிற்சாலைகளிலும் களஞ்சியங்களிலும் வேலை செய்யும் நம்மவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பாதுகாப்புச் சப்பாத்து இல்லாமல் எங்களை எந்த மேற்பார்வையாளரும் இயந்திரத்துக்கு அருகே விடுவதில்லை. அதே தகப்பன் தன் பிள்ளையை ஓட்டச் சப்பாத்தோடு ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் நிற்க விடுகிறார் என்பது எனக்கு உண்மையாகவே வேதனை தருகிறது. கிரிக்கெட்டில் 'கார்ட்' என்று நாம் சொல்லிப் பழகிய அடிவயிற்றுக் கவசத்தைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை: அது இல்லாமல் ஒரு பந்துக்குக்கூட நிற்கக் கூடாது.

இவையெல்லாம் சேர்ந்த பிறகே சீருடை. அதிலும் வரிசை தவறினால் பணம் வீண். பிளேட்டுக்குப் பின்னால் நிற்பவரின் சட்டை கவசத்துக்கு மேலே அணியப்படுவதால் ஓர் அளவு பெரிதாக வேண்டும். சாம்பல் நிறக் காற்சட்டையின் கால்பகுதி கணைக்கால் கவசம் உள்ளே அடங்கும்படி அகலமாக வேண்டும். கவசத்தைக் கட்டிக்கொண்டு போய் அளவு பார்க்காதவர், என்னைப் போல இரண்டாவது காற்சட்டையும் வாங்குவார். ஓடுபவர்கள் தொட்டுச் செல்லும் பேஸ்களுக்கு அருகே மட்டும் நிற்பவருக்கு இந்த அகலம் தேவையில்லை. இரண்டுக்கும் பொதுவாக ஒன்றே வேண்டுமென்றால் இடைப்பட்ட வெட்டில் தைத்ததும் கிடைக்கிறது. தொப்பியின் முன்விளிம்பு குட்டையாக இருந்தால்தான் மாஸ்க்கை இடது கையால் கழற்றும்போது தொப்பி கூடவே விழாது. சட்டையின் நிறத்தைப் பொறுத்தவரை, கறுப்பும் வெளிர்நீலமும் பரவலாகக் காணப்படுபவை என்றாலும், உங்கள் சங்கத்தின் அம்பயர் பொறுப்பாளரைக் கேட்காமல் எதையும் வாங்காதீர்கள். இருவர் நடத்தும் ஆட்டத்தில் இருவரும் ஒரே நிறத்தில் நிற்க வேண்டும். பந்துப் பைகள், கையில் எண்ணும் கிளிக்கர், பிளேட்டைத் துடைக்கும் சிறு தூரிகை ஆகியவற்றுக்கு அதிகச் செலவில்லை.

சீருடையை நான் அலட்சியம் செய்யவில்லை. இஸ்திரி போட்ட காற்சட்டையும் மினுக்கிய கறுப்புச் சப்பாத்துமாக வரும் பதினைந்து வயதுப் பிள்ளையிடம், கோபக்காரப் பயிற்சியாளர்கூட ஒரு படி இறங்கித்தான் பேசுகிறார். இதை என் கண்ணால் கண்டிருக்கிறேன். ஆனால் கையில் இருக்கும் பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், அது நெஞ்சுக் கவசத்துக்கும் மாஸ்க்குக்கும் போகட்டும்.

பெண் பிள்ளைகளின் பெற்றோரும் இதைக் கவனிக்க வேண்டும். 2025 ஓகஸ்ட் 9ஆம் தேதி அட்லாண்டாவில் ஜென் பவோல் மேஜர் லீக் ஆட்டத்தில் நடுவராக இறங்கிய முதல் பெண்ணானார். மறுநாள் ஹோம் பிளேட்டுக்குப் பின்னாலும் அவரே நின்றார். அதைப் பார்த்த பிறகு எங்கள் வகுப்பில் சேர விரும்பிய ஒரு சிறுமிக்குச் சங்கத்தின் பொதுப் பையில் பொருந்தும் கவசம் ஒன்றுகூட இருக்கவில்லை. அந்தப் பை எல்லாச் சங்கங்களிலும் ஒரே மாதிரியானதுதான்: பெரியவர்களின் அளவில் இரண்டு கவசங்கள், வார் அறுந்த ஒரு மாஸ்க். வகுப்பு, சட்டை, சான்றிதழ் எல்லாவற்றுக்கும் கட்டணம் வாங்கும் சங்கங்கள், சிறிய அளவிலும் நடுத்தர அளவிலும் தலா இரண்டு முழுத் தொகுதிகளை வாங்கி இரவல் கொடுப்பது பெரிய செலவாகாது. நம்மவர்கள் நிர்வாகத்தில் இருக்கும் சங்கங்களாவது இந்தப் பருவத்திலேயே அதைச் செய்ய வேண்டும் என்று தங்கள் பத்திரிகை மூலம் கேட்டுக்கொள்கிறேன்.

அதுவரை பெற்றோர் வீட்டிலேயே ஒன்றைச் செய்யலாம். முதல் ஆட்டத்துக்கு முந்தைய இரவு பிள்ளையை முழுக் கவசத்தோடும் சீருடையோடும் வரவேற்பறையில் குனிந்து நிற்கச் சொல்லுங்கள். நேர் எதிரே தரையில் உட்கார்ந்து பாருங்கள். தாடைக்கும் கவசத்துக்கும் இடையில் தோல் தெரிகிறதா, காறை எலும்பு மூடியிருக்கிறதா, குனியும்போது தோள்முனை வெளியே வருகிறதா, முழங்கால் மூடி பக்கவாட்டில் நழுவுகிறதா என்று விரலால் தொட்டுப் பாருங்கள். ஐந்து நிமிட வேலை இது. தாங்கள் அந்தக் கட்டுரையை அடுத்த கோடையில் மீண்டும் வெளியிடுவதானால், சட்டையும் தொப்பியும் போதும் என்ற அந்த வரியை நீக்கிவிட்டு, இந்த ஐந்து நிமிடத்தைப் பற்றிய குறிப்பை அங்கே சேர்க்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்டகால வாசகர்,
ஸ்காபரோ, ஒன்ராறியோ