வாய்க்கால் கணக்கு நூலகம்: கைகொடுத்தவர்களுக்கு என் நன்றி

அன்பான எல்லோருக்கும்,

மக்சிமா என்ற இயற்கணித மென்பொருளுக்காக நான் எழுதிவந்த வாய்க்கால் கணக்கு நூலகம், அதாவது வாய்க்காலின் அளவையும் அதில் போகும் தண்ணீரையும் கணக்கிடும் பங்சன்களின் தொகுப்பு, இந்தச் சிறுபோகத்துக்குக் குளத்தின் துருசு (மதகு) திறக்க முன்னமே முடிந்துவிட்டது. கோட் எழுத எனக்கு மூன்று மாதம் போனது. அதற்குத் தமிழில் விளக்கம் எழுத ஒன்றரை வருடம். அந்த ஒன்றரை வருடமும் நீங்கள் இல்லாமல் ஒரு பக்கம்கூட நகர்ந்திருக்காது.

முதல் நன்றி, நீர்ப்பாசனத்தில் வேலைபார்த்து ஓய்வுபெற்ற ஐயாவுக்கு. குறைந்த நனைசுற்றளவில் (தண்ணீர் தொடும் அடித்தளத்தினதும் கரைகளினதும் மொத்த நீளத்தில்) கூடிய தண்ணீர் போகும் சரிவக வாய்க்கால் எது என்று மக்சிமாவிடம் கேட்டால், வகையிட்டுப் பார்த்து, கரை 60 பாகையில் நிற்கும் அரை அறுகோணம்தான் என்று விடை தரும். அந்தப் பக்கத்தைப் பிரின்ட் எடுத்துக்கொண்டு போனேன். விறாந்தையில் இருந்து இரண்டு தரம் வாசித்தார். "கணக்குச் சரி தம்பி. ஆனால் எங்கட மண் 60 பாகையில் நிக்காது, முதல் மாரிக்கே சரிஞ்சு விழும்" என்றார். பிறகு கொப்பியை வாங்கி, கரைச்சரிவை முதலே முடிவு செய்துவிட்டு மிச்சத்தைத் தேடினால் என்ன வரும் என்று கேட்டார். செய்து பார்த்தோம். எந்தச் சரிவைக் கொடுத்தாலும் நீரியல் ஆரை (தண்ணீரின் குறுக்குவெட்டுப் பரப்பை நனைசுற்றளவால் வகுத்தால் வருவது), ஆழத்தின் சரி பாதியாகவே வந்து நின்றது. அன்று அவர் முகத்தில் கண்ட சந்தோசத்தை நான் மறக்கமாட்டேன். விளக்கத்தில் அந்தப் பக்கம் இப்போது மண்ணில் தொடங்குகிறது, வகையீடு பிறகுதான் வருகிறது.

அடுத்தது என் மச்சானுக்கு. இரணைமடுக் குளத்துத் தண்ணியில் வயல் செய்கிறவர். குளத்தையும் வாய்க்காலையும் அடிக் கணக்கிலேயே சொல்லிப் பழகியவர், நூலகத்துக்கும் அடியிலேயே அளவு கொடுத்தார். வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் போகும் என்று சொல்லும் மானிங் சமன்பாட்டை நான் மீற்றருக்கு மட்டும் எழுதி, அதை எங்கும் குறிப்பிடாமல் விட்டிருந்தேன். அடியில் கொடுத்தால் முன்னுக்கு 1.486 ஆல் பெருக்கவேண்டும். பெருக்காததால் வரவேண்டிய தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போனது. "இவ்வளவு தண்ணிதான் எண்டால் கடைசி வயலுக்கு ஒண்டும் போகாதே" என்று அவர் கேட்டிருக்காவிட்டால், அந்தப் பிழை அப்படியே வெளியே போயிருக்கும். இப்போது ஒவ்வொரு பங்சனும் அடியா மீற்றரா என்று முதலில் கேட்கும். வாய்க்காலில் புல் மண்டினால் அந்தச் சமன்பாட்டில் வரும் கரடுமுரடு எண்ணைக் கூட்டவேண்டும் என்ற குறிப்பும் அவர் சொல்லி எழுதியதுதான்.

உயர்தரத்தில் இணைந்த கணிதம் படிக்கும் மருமகளுக்கும் பெரிய நன்றி. அவள் வேறொரு கணக்குக்காக y இற்கு 5 என்று பெறுமானம் கொடுத்திருந்தாள். அதன் பிறகு என் நூலகத்தை ஏற்றியதும் எல்லாம் குழம்பிவிட்டது. மக்சிமாவில் பங்சனுக்குள் வரும் மாறிகளை பிளொக் (block) என்ற கட்டளை போட்டு உள்ளூர் மாறி என்று அறிவிக்காவிட்டால், வெளியே கொடுத்த பெறுமானம் உள்ளே புகுந்துவிடும். எனக்கு அது தெரிந்த விசயம்தான், ஆனாலும் ஐந்து இடத்தில் விட்டிருந்தேன். அவள்தான் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தாள். சோதனைக் கோப்பையும் அவளே எழுதினாள். ஒரு வரியில் கேள்வி, அடுத்த வரியில் வரவேண்டிய விடை. அந்த விடைகள் எல்லாம் அவள் கையால் செய்து பார்த்தவை.

நேரில் காணாதவர்களுக்கும் நன்றி சொல்லவேண்டும். மக்சிமாவின் வேர், 1968 இல் அமெரிக்காவின் எம்ஐரி பல்கலைக்கழகத்தில் தொடங்கிய மாக்சைமா (Macsyma) என்ற மென்பொருளில் இருக்கிறது. அதன் ஒரு பிரதியை 1982 முதல் பராமரித்த வில்லியம் ஷெல்ற்றர், 1998 இல் அமெரிக்க எரிசக்தித் திணைக்களத்தின் அனுமதி பெற்று எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டார். 2001 இல் அவர் காலமானார். காசு கொடுத்து வாங்கும் மென்பொருளாக இருந்திருந்தால் கிளிநொச்சியில் ஒரு மாணவி அதைத் தொட்டிருக்கவே மாட்டாள்.

கமக்கார அமைப்பின் பெரியவர்களே, வாய்க்கால் துப்பரவு நாளில் நாடா பிடித்து அகலமும் சரிவும் அளந்து தந்தீர்கள். போன கிழமை தண்ணீர் வந்தபோது மச்சானும் நானும் அதே இடத்தில் கோலை ஊன்றிப் பார்த்தோம். நூலகம் சொன்ன ஆழம் 2 அடி. கோலில் ஈரம் 2 அடி 1 அங்குலத்தில் நின்றது.