சித்தப்பா, ஐப்பசியில் வாருங்கள்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

நீங்கள் அனுப்பிய வீடியோவைப் பார்த்தேன். கோத்தகிரிக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைச் சரிவு, கல் நட்டுப் பிரித்த மனைகள், பின்னால் மேகம், கீழே பள்ளத்தாக்கு. பெரம்பூர் வீட்டை விற்றுவிட்டு இங்கே மூன்று சென்ட் வாங்கி, சின்னதாக ஒரு வீடு கட்டி, சித்தியோடு மிச்ச காலத்தை நிம்மதியாக இருந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போனில் அரைகுறையாகச் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. இதே கேள்வியோடு இன்னும் பலர் என்னிடம் வருகிறார்கள். அதனால்தான் உங்களிடம் கேட்டுக்கொண்டு, எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். வாருங்கள், கட்டாயம் வாருங்கள். ஆனால் பெரம்பூர் வீட்டை விற்க வேண்டாம், அந்த மனைக்கு அட்வான்ஸும் கொடுக்க வேண்டாம். இங்கே ஊருக்குள் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, ஐப்பசியில் வந்து இறங்குங்கள். தை முடிகிற வரைக்கும் இருந்து பாருங்கள். அப்புறமும் ஆசை குறையவில்லை என்றால் மிச்ச வருஷத்தையும் இங்கேயே ஓட்டலாம்.

ஏன் ஐப்பசி என்று கேட்பீர்கள். எல்லோரும் சித்திரை, வைகாசியில்தான் மலையைப் பார்க்கிறார்கள். சென்னையில் அனல் அடிக்கும்போது இங்கே வந்து ஸ்வெட்டர் போட்டால் சொர்க்கமாகத்தான் தெரியும். குடியிருக்கிறவர்களுக்கு மலை தன்னைக் காட்டுவது மழைக்காலத்தில். நீலகிரி முழுவதும் ஒரே சமயத்தில் மழை பெய்வதில்லை. கூடலூர், அவலாஞ்சி பக்கம் ஆனி, ஆடியில் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கும். தொட்டபெட்டா மலைத்தொடர் மேற்கே நின்று மறித்துக்கொள்வதால் அப்போது கோத்தகிரிக்கு வருவது சாரலும் காற்றும்தான். எங்களுக்குப் பெரிய மழை வடகிழக்குப் பருவத்தில் வரும். ஐப்பசி, கார்த்திகை இரண்டு மாதமும் வானம் கீழே இறங்கி வீட்டு வாசலில் உட்கார்ந்துகொள்ளும்.

அந்த நாட்கள் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். காலையில் ஜன்னலைத் திறந்தால் எதிர்வீடு இருக்காது. பனிமூட்டம் அறைக்குள்ளேயே வரும், போர்வை நுனி ஈரமாக இருக்கும். துவைத்த துணி நாலு நாளானாலும் காயாது, கடைசியில் இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துத்தான் காயவைக்க வேண்டும். பீரோவில் மாட்டிவைத்த தோல் பெல்ட்டில் வெள்ளையாகப் பூசணம் பூக்கும். உங்கள் புத்தகங்களிலும் பூக்கும், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். ஒரு மரம் கம்பியில் விழுந்தால் கரண்ட் போய்விடும், செல்போன் டவரும் சேர்ந்து போகும். இதையெல்லாம் சித்தி பொறுத்துக்கொள்வார்களா, உங்களுக்கு எரிச்சல் வருமா, இல்லை ஒரு கட்டத்தில் இந்த ஈரமும் மௌனமும் பிடித்துப்போகுமா என்பது இருந்து பார்த்தால்தான் தெரியும். எனக்குப் பிடித்துப்போயிற்று. மழை ஓய்ந்த ஒரு மத்தியானம் மூட்டம் விலகி, கீழே மேட்டுப்பாளையம் சமவெளி வெயிலில் தெரியும்போது, இதற்காக எத்தனை ஈரத் துணியையும் தேய்க்கலாம் என்று தோன்றும்.

அடுத்து அந்த மனை. அதைத்தான் மனதில் பயத்தோடு எழுதுகிறேன், சித்தப்பா.

2009 நவம்பரில் ஊட்டிக்குப் பக்கத்திலிருக்கிற கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்தது. குன்னூர், ஊட்டி, கோத்தகிரி வட்டாரங்களில் நூற்றுக்கணக்கான இடங்களில் மண் சரிந்து, 40 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். சரிவில் உள்ள மண் எப்படி நிற்கிறது என்பதை வைத்து யோசித்தால் காரணம் புரியும். மேலே கனமான செம்மண், அடியில் பாறை. மழைத் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிப் பாறையைத் தொட்டதும் அதற்கு மேல் போக வழியில்லாமல் பக்கவாட்டில் ஓடுகிறது. சரிவின் அடிவாரம் அப்படியே இருந்து, மேலே வேர் பிடித்த மரங்கள் இருந்தால் மண் தாங்கிக்கொள்ளும். ஒரு பொக்லைனைக் கொண்டுவந்து அடியை நேர்க்குத்தாக வெட்டி, "வியூ" தெரிய வேண்டும் என்று மரத்தையும் எடுத்துவிட்டால், அந்த மண்ணுக்கு முட்டுக்கொடுக்க ஒன்றுமே இல்லை. உங்கள் வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். இரண்டாவது வரிசை மனைகளுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மேல் புதிதாக வெட்டிய மண்சுவர் தெரிகிறது, தடுப்புச் சுவர் இல்லை, தண்ணீர் வடிய ஓடையும் இல்லை. ஓடை ஒரு காலத்தில் இருந்திருக்கும். மனைக்கு இடம் வேண்டும் என்று மூடியிருப்பார்கள்.

மலையில் கட்டடம் கட்ட விதிகள் கடுமையாக இருப்பது இதனால்தான். கட்டடத்தின் உயரத்துக்கு வரம்பு உண்டு, விளைநிலத்தை வீட்டுமனையாக மாற்றுவதற்குத் தனி அனுமதி வேண்டும். தரகர் "எல்லாம் பார்த்துக்கலாம் சார்" என்று சொல்லியிருப்பார். அவர் மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிப் போய்விடுவார், மண்சுவருக்கு அடியில் படுத்துத் தூங்கப்போவது நீங்கள்.

தண்ணீர் விஷயம் இன்னொன்று. மலை என்றால் தண்ணீருக்குப் பஞ்சமில்லை என்று கீழே இருக்கிறவர்கள் நினைக்கிறார்கள். மாசி, பங்குனியில் இங்கேயும் குடத்தோடு காத்திருக்கிற தெருக்கள் உண்டு. கோத்தகிரிக்குப் பக்கத்தில் லாங்வுட் சோலை என்று ஒரு காடு இருக்கிறது, மொத்தமே 116 ஹெக்டேர்தான். சுற்றிலும் வீடும் தேயிலையும் வந்த பிறகும் அது தப்பிப் பிழைத்து நிற்கிறது. சோலைக்குள் காலடியில் மெத்தென்று இலைமக்கு, மரமெல்லாம் பாசி. பெய்கிற மழையை அந்த மக்கு உறிஞ்சி வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் சொட்டுச் சொட்டாக விடுகிறது. கீழே இருக்கிற பல ஊர்களுக்குக் குடிதண்ணீர் அங்கிருந்துதான். 2024-இல் அதை ராம்சார் தலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவித்தார்கள். நீங்கள் வந்ததும் உங்களை முதலில் கூட்டிப்போக நினைத்திருக்கிற இடம் அது. காலையில் போனால் நீலகிரிச் சிரிப்பான் குருவிகள் கூட்டமாகக் கத்துவதைக் கேட்கலாம். இந்த மலைப்பகுதியை விட்டால் உலகத்தில் வேறெங்கும் இல்லாத பறவை.

சமவெளியை விட்டு மலைக்கு வருகிற ஆசை புதிதல்ல. 1819-இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் இந்தப் பக்கமாகத்தான் ஏறி வந்தார். கோத்தகிரிக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கில் அவர் கட்டிய பங்களா இப்போது நினைவகமாக இருக்கிறது. அப்புறம் ஊட்டி வந்தது, கோடைத் தலைநகர் வந்தது, தேயிலை வந்தது. வந்த ஒவ்வொருவரும் கொஞ்சம் காட்டை எடுத்துக்கொண்டார்கள். இனி எடுக்க அதிகம் மிச்சமில்லை. ஏற்கெனவே கட்டிய வீட்டில் குடியிருங்கள் என்று நான் சொல்வதற்குப் பாதிக் காரணம் இது.

சரி, சித்திக்குச் சில விஷயங்கள். கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். இங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதனால் துவரம்பருப்பு திறந்த பாத்திரத்தில் லேசில் வேகாது. குக்கரிலும் இரண்டு விசில் கூட வைக்க வேண்டும். இட்லி மாவு சென்னை மாதிரி ராத்திரியில் பொங்கி வழியாது. பாத்திரத்தைக் கம்பளியில் சுற்றி அடுப்புப் பக்கத்தில் வைத்தால் மறுநாள் மத்தியானம் புளிக்கும். தேங்காய் எண்ணெய் மார்கழியில் கல்லாக இருக்கும். காய்கறிக்குக் குறையே இல்லை. கேரட், பீட்ரூட், பீன்ஸ் எல்லாம் மண் வாசனையோடு வரும், பெரம்பூரில் அந்த ருசி கிடைக்காது.

இன்னொன்றைச் சித்தி கட்டாயம் கேட்க வேண்டும். எவ்வளவு குளிர் அடித்தாலும் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு அறைக்குள் கரி அடுப்பு மூட்டித் தூங்கக்கூடாது. அந்தப் புகையில் வாசனை தெரியாத விஷவாயு இருக்கிறது, தூக்கத்திலேயே உயிரை எடுத்துவிடும். மலைக்குச் சுற்றுலா வந்து அப்படிப் போனவர்களைப் பற்றிக் குளிர்காலத்தில் செய்தி படிக்கும்போதெல்லாம் வயிற்றைப் பிசைகிறது.

அமைதி வேண்டும் என்று எழுதியிருந்தீர்கள். கிடைக்கும். ஆனால் சத்தமே இல்லாத இடம் என்று நினைத்து வர வேண்டாம். தேயிலை ஃபேக்டரி ராத்திரி முழுக்க ஓடும். பகலில் பறித்த இலையை அன்றைக்கே வாட்டி, அரைத்து, காயவைத்தாக வேண்டும், தாமதமானால் இலை கெட்டுவிடும். காற்று நம் பக்கம் திரும்பினால் அந்த வறுத்த வாசனை படுக்கையறை வரைக்கும் வரும். விடிந்ததும் தோட்டத்தில் இலை வெட்டுகிற கத்தரிக்கோல் சத்தம். நாலரைக் கிலோ பச்சை இலை போனால்தான் ஒரு கிலோ தூள் தேறும். அந்தப் பச்சை இலைக்குக் கிடைக்கிற விலை பல மாதங்களில் பறிக்கிற கூலிக்கும் உரத்துக்கும் கூடப் போதுவதில்லை. நான் குடியிருக்கிற வீட்டின் சொந்தக்காரப் பாட்டி, இந்த மலையில் தலைமுறைகளாக விவசாயம் செய்கிற படகர் சமூகத்தைச் சேர்ந்தவர், அரை ஏக்கர் தோட்டம் வைத்திருக்கிறார். ஒவ்வொரு மாதமும் இலைக்கு என்ன விலை அறிவித்தார்கள் என்று கேட்டுவிட்டு ஒன்றும் பேசாமல் உள்ளே போய்விடுவார். அடுத்த தெருவில் இருப்பவர்களின் பெற்றோர் 1964-இல் இந்தியாவும் இலங்கையும் போட்ட ஒப்பந்தத்துக்கு அப்புறம் இலங்கைத் தோட்டங்களிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். அங்கேயும் கொழுந்து, இங்கேயும் கொழுந்து. நமக்கு ஓய்வெடுக்கிற இடம் இவர்களுக்கு வேலை செய்கிற இடம் என்பதை நினைவில் வைத்துப் பழகினால், மார்கழி, தையில் பேரகணி ஊரில் படகர்கள் கொண்டாடுகிற ஹெத்தையம்மன் திருவிழாவுக்கு உங்களையும் கூப்பிடுவார்கள். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு போகலாம்.

மிருகங்கள் உண்டு, பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. காட்டெருமை தெருவில் நின்றால் நீங்களும் நின்றுவிட வேண்டும், அது நகர்ந்த பிறகு போகலாம். இருட்டிய பின் கரடி குடியிருப்புக்குள் வரும். அதனால் உங்கள் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறமான நடை இங்கே கிடையாது, அதை விடிந்த பிறகுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். எச்சில் சோற்றை வாசலில் கொட்டவே கூடாது.

வரும்போது காரை எடுத்து வர வேண்டாம். 2024 மே மாதத்திலிருந்து வெளியூர் வண்டிக்கு இ-பாஸ் வேண்டும், சீசனில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டிதான் என்று நீதிமன்றம் வரம்பும் வைத்தது. நீலகிரி எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறினால் விடியும்போது மேட்டுப்பாளையம். அங்கிருந்து அரசு பஸ், கோத்தகிரி 33 கிலோமீட்டர். குஞ்சப்பனை தாண்டும்போது பலாப்பழக் காலமாக இருந்தால் யானை நிற்கும், டிரைவர் வண்டியை ஓரங்கட்டிப் பொறுமையாக இருப்பார். தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில் கொண்டு வாருங்கள், பிளாஸ்டிக் பாட்டிலுக்கு இங்கே தடை.

உங்கள் பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை மூன்று மாதத்துக்கு மொத்தமாக வாங்கிக்கொள்ளுங்கள். சின்ன உபாதைக்குக் கோத்தகிரி அரசு மருத்துவமனை இருக்கிறது, ஊட்டியில் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வந்துவிட்டது. இதயம், மூளை என்று பெரிதாக ஏதாவது என்றால் பலர் கோயம்புத்தூருக்குத்தான் ஓடுகிறார்கள், மூட்டத்தில் மலையிறங்குகிற நேரத்தையும் கணக்கில் வைக்க வேண்டும். பெரம்பூர் வீடு கையில் இருக்கட்டும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதற்காகவும்தான்.

ரிட்டயர் ஆனதிலிருந்து உங்களுக்குத் தூக்கம் இல்லை என்று சித்தி சொன்னார்கள். பகல் முழுக்க டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறீர்களாம். அப்பா போன பிறகு எங்களைத் தூக்கி நிறுத்தியவர் நீங்கள். உங்களுக்கு ஒரு நல்ல இடம் வேண்டும் என்பதில் உங்களைவிட எனக்குத்தான் அவசரம். அதனால்தான் தப்பான சரிவில் உங்கள் மொத்தச் சேமிப்பும் போய்விடக்கூடாது என்று இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பாட்டியின் வீட்டுக்குப் பின்கட்டு புரட்டாசியில் காலியாகிறது. இரண்டு அறை, ஓட்டுக்கூரை, கிழக்குப் பார்த்த ஜன்னல், பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கிற தூரம். வாசலில் ஏழு படி இருக்கிறது, கைப்பிடி இல்லை. சித்தியின் முழங்காலுக்கு அது சரிப்படுமா என்று கேட்டு இந்த வாரத்துக்குள் சொல்லுங்கள். வேண்டுமென்றால் கைப்பிடிக் கம்பி போட்டுத்தரப் பாட்டி சம்மதித்துவிட்டார், மழைக்கு முன்னால் வெல்டிங்காரரைப் பிடிக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகள்