உன் மகளும் மூன்று சுட்டும்

திருநெல்வேலி,
யாழ்ப்பாணம்.

அன்பின் நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லோரும் நலம். இரண்டு கிழமையாக நல்ல மழை, கிணறு நிறைந்து நிற்கிறது. அம்மாவுக்கு முழங்கால் வலிதான் கூடியிருக்கிறது.

மகள் அங்கே இங்கிலாந்தில் பல்கலைக்கழகம் போய் இலத்தீனும் கிரேக்கமும் படிக்கப்போவதாக ஒற்றைக்காலில் நிற்கிறாள், விடுவதா தடுப்பதா என்று கேட்டிருந்தாய். விடு. சந்தோஷமாக விடு. ஆனால் இடத்தை நன்றாக விசாரி.

இங்கே படித்த நமக்கு இலவசக் கல்வி. பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும்தான் செலவு. இங்கிலாந்தில் ஆண்டுக்கு 9000 பவுணுக்கு மேல், அதுவும் ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒரே கட்டணம். அதனால் அந்தக் காசுக்கு என்ன தருகிறார்கள் என்று பார். கிழமைக்கு எத்தனை மணித்தியாலம் மொழி வகுப்பு? மூலத்தை வரிவரியாக வாசிக்கிறார்களா, மொழிபெயர்ப்பைக் கொடுத்துக் கட்டுரை எழுதச் சொல்கிறார்களா? பள்ளியில் கிரேக்கம் படிக்காத பிள்ளைக்கு அரிச்சுவடியிலிருந்து தொடங்குகிறார்களா? பல இடங்களில் தொடங்குகிறார்கள். பெயர்பெற்ற இடமா என்பதைக் கடைசியில் கேள்.

நம் தொல்காப்பிய வகுப்பு நினைவிருக்கிறதா? ஐந்தே பேர். அ, இ, உ மூன்றும் சுட்டு என்ற ஒரு சூத்திரத்தில் பின்னேரம் முழுவதும் நின்றோம். "உன் ஆச்சி 'உதை எடுத்துத் தா' என்றால் எதை எடுப்பாய்?" என்று சேர் உன்னைக் கேட்டார். "எனக்குப் பக்கத்தில் இருப்பதை" என்றாய். அவர் சோக்கட்டியை மேசையில் வைத்துவிட்டு, "இதைவிட நல்ல உரை கிடையாது" என்றார். ஐந்து பேர் இருந்ததால்தான் அவர் உன் ஆச்சிவரை வந்தார். ஐம்பது பேர் இருந்திருந்தால் சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதிவிட்டுப் போயிருப்பார்.

மகளிடம் சொல்: இலத்தீனிலும் சுட்டு மூன்று. ஹிக், இஸ்தே, இல்லே. நடுவில் நிற்கும் இஸ்தே, கேட்பவர் பக்கத்தில் இருப்பதைச் சுட்டும். உன் ஆச்சியின் உது! ஆங்கிலம் மட்டும் தெரிந்த பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்யவேண்டும். உன் வீட்டில் வளர்ந்தவளுக்கு அது காதில் இருக்கிறது.

நம் பேராசிரியர் கைலாசபதியை நினைத்துப் பார். பேர்மிங்ஹாமில் கிரேக்க அறிஞர் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்து, சங்கப் பாடல்களை ஹோமரின் காவியங்களோடு ஒப்பிட்டவர்; 1974இல் நம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக வளாகத்தின் முதல் தலைவராக வந்தவரும் அவரே. இரண்டு கரையும் தெரிந்தவர்கள் இன்று அரிது. அவள் கிரேக்கத்தோடு சங்கத் தமிழையும் தொட்டால் எனக்குப் பெரிய ஆறுதல்.

என்ன வேலை கிடைக்கும் என்று உன் மனைவி கேட்பதும் நியாயம். தமிழும் சமஸ்கிருதமும் படித்து என்ன செய்யப்போகிறீர் என்று ஒரு நேர்முகத் தேர்வில் என்னையும் கேட்டார்கள். அன்று வாயடைத்துப் போனேன். இன்றென்றால் சொல்வேன்: ஒரு வேற்றுமை உருபைத் தவறவிட்டால் வாக்கியம் முழுவதும் சரியும் என்று பல ஆண்டு பழகியவர், ஒரு காணி உறுதியையோ ஒப்பந்தத்தையோ மேலோட்டமாக வாசிக்கமாட்டார்.

நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது அவளையும் கூட்டி வா. இலத்தீன் புத்தகம் ஒன்றைக் கையோடு கொண்டுவரச் சொல். திண்ணையில் இருந்து எனக்கு ஒரு பக்கம் வாசித்துக் காட்டட்டும்.

அன்புடன்,
உன் பழைய வகுப்புத் தோழன்