இமை முடியும் முந்திரிக்கொட்டையும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உலகப் பிரச்சினைகளைப் பற்றி மாணவர்கள் காணொலி எடுப்பது குறித்துச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். ட்ரோன், எடிட்டிங் செயலி, பின்னணி இசை என்று நிறையச் சொல்லியிருந்தீர்கள். கதையை எங்கே தொடங்குவது என்பதைப் பற்றி மட்டும் ஒரு வரிகூட இல்லை. பிள்ளைகள் தடுமாறுவதே அங்கேதான்.

போன வருஷம் ஒரு போட்டிக்கு நடுவராக உட்கார்ந்தேன். வந்த 14 காணொலிகளில் 9, சுற்றும் பூமிப்பந்தில் தொடங்கின. அப்புறம் உருகும் பனிப்பாறை, ஒரு பனிக்கரடி, சோகமாக ஒரு வயலின். எல்லாம் இணையத்தில் இறக்கியவை. பண்ருட்டிப் பிள்ளைக்குப் பனிக்கரடியோடு என்ன பழக்கம்?

வகுப்பில் நான் சொல்லும் உதாரணம் ஃபெரோசா அஜீஸ். அமெரிக்காவின் நியூஜெர்சியைச் சேர்ந்த ஆப்கானிய வம்சாவளிப் பெண். 2019 நவம்பரில், 17 வயதில், டிக்டாக்கில் ஒரு காணொலி போட்டார். இமை முடியை நீளமாக்குவது எப்படி என்று ஆரம்பிக்கிறார். கருவியை எடுத்து முடியை வளைக்கிறார். சரி, இப்போது இதைக் கீழே வைத்துவிட்டு, கையில் இருக்கிற போனில் சீனாவில் முஸ்லிம்களுக்கு என்ன நடக்கிறது என்று தேடிப் பாருங்கள் என்கிறார். குரல் மாறவே இல்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு மறுபடியும் இமைக்கே வந்துவிடுகிறார்.

சீனாவின் ஷின்ஜியாங் பகுதியில் பத்து லட்சம் உய்குர் முஸ்லிம்கள் அடைத்து வைக்கப்பட்டிருப்பதாக நம்பகமான தகவல்கள் வந்திருப்பதாக 2018-இலேயே ஐ.நா. குழு ஒன்றில் பேசியிருந்தார்கள். அவை தொழிற்பயிற்சி மையங்கள் என்றது சீன அரசு. பெரியவர்கள் அறிக்கைகளில் பேசிக்கொண்டிருந்ததை இந்தப் பெண் ஒரு நிமிடத்துக்குள் லட்சக்கணக்கானவர்களிடம் கொண்டுபோனார். அந்தக் காணொலி சுமார் 50 நிமிடம் காணாமலும் போனது. தவறுதலாக நீக்கிவிட்டோம் என்று டிக்டாக் மன்னிப்புக் கேட்டது. அந்த நிறுவனத்தின் தாய் வீடு பெய்ஜிங் என்பதால் பலரும் அதை நம்பவில்லை. நானும்தான்.

இதைச் சொன்ன அடுத்த வாரம் என் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி இரண்டு நிமிடக் காணொலி ஒன்றை வாட்ஸாப்பில் அனுப்பினாள். (டிக்டாக்தான் 2020-இலேயே நம் நாட்டில் தடையாகிவிட்டதே.) படம் முழுக்க அவள் அம்மாவின் கைகள். சாம்பலைத் தொட்டுக்கொண்டு முந்திரிக்கொட்டை உடைக்கின்றன. ஓட்டில் இருக்கும் எண்ணெய் பட்டு விரல் நுனியெல்லாம் கறுத்துத் தோல் உரிந்திருக்கிறது. “என் மூஞ்சிய எடுக்காதடி” என்று அம்மா சொன்னதால்தான் கையை மட்டும் எடுத்தாளாம். அப்படியே கேமரா பக்கத்துச் சாக்கின் மேல் போய் நிற்கிறது. அதில் மேற்கு ஆப்பிரிக்க நாடான ஐவரி கோஸ்டின் பெயர் பிரெஞ்சில் அச்சிட்டிருக்கிறது.

எங்கள் பக்கத்து முந்திரித் தோப்புகளை 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் சாய்த்துப் போட்டது. அதற்கு முன்பும் உள்ளூர் விளைச்சல் ஆலைகளுக்குப் போதவில்லை. ஆப்பிரிக்காவிலிருந்துதான் கொட்டை வருகிறது. அங்கே விளைந்தது கப்பலேறி வந்து இங்கே ஒரு பெண்ணின் விரலைச் சுட்டுவிட்டு, பருப்பாகி எங்கேயோ ஒரு கண்ணாடிக் கிண்ணத்துக்குப் போகிறது. இருபது வருஷமாக உலக வணிகம் பாடம் நடத்துகிறேன். அந்தச் சாக்கைக் காட்ட எனக்குத் தோன்றியதில்லை.

பின்னணி இசை கிடையாது. தட்டுகிற சத்தம் மட்டும்தான். அதை ஒரு போட்டிக்கு அனுப்பினோம். தரம் போதாது, உலகப் பிரச்சினையும் இல்லை என்று திருப்பிவிட்டார்கள். பரிசு ஒரு பனிக்கரடிக்குப் போனது.

உங்கள் இதழ் மாணவர்களுக்குக் காணொலிப் போட்டி நடத்தப் போவதாக அறிவித்திருக்கிறீர்கள். விதிகளில் இரண்டு வரி சேருங்கள். படங்கள் மாணவர் தாமே எடுத்தவையாக இருக்க வேண்டும். படத்தில் வருகிறவரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். முகம் வேண்டாம் என்றால் விட்டுவிட வேண்டும். அப்புறம், எத்தனை பேர் பார்த்தார்கள் என்பதற்கு மதிப்பெண் வைத்திருப்பதைத் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். கொட்டை உடைக்கிற தெருவில் டேட்டா கார்டு போடுவதே பெரிய செலவு.

புவியியல் ஆசிரியை ஒருவர்,
பண்ருட்டி