கதிர்வீச்சுக்குப் பயந்து தோரியத்தைக் கழுத்தில் மாட்டலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

செல்போன் கதிர்வீச்சைத் தடுக்கும், உடம்புக்கு ‘நெகட்டிவ் அயான்’ (எதிர்மின்னூட்டத் துகள்) கொடுக்கும் என்று சொல்லி ஆன்லைனிலும் தெரிந்தவர் மூலமாக வீடு தேடி வந்தும் விற்கிறார்களே கறுப்பு நிற ‘எனர்ஜி டாலர்’, அதைப் பற்றி உங்கள் நாளிதழ் விரிவாக எழுத வேண்டும். எங்கள் உறவுக்காரப் பெண் ஒருவர் ஏழு வயது மகனுக்கே மாட்டிவிட்டிருக்கிறார், தூங்கும்போதும் கழற்றுவதில்லை.

இந்த மாதிரி டாலர்கள் பலவற்றில் இருப்பது மோனசைட் போன்ற தாதுக்களின் தூள். நம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் கிடக்கிறதே, அதேதான். அதில் தோரியமும் கொஞ்சம் யுரேனியமும் உண்டு, இரண்டுமே கதிரியக்கம் உள்ளவை. விற்பவர் ஒரு சின்ன மீட்டரை டாலர் பக்கத்தில் வைத்து எண் ஏறுவதைக் காட்டி, ‘பாருங்க, எவ்வளவு அயான்’ என்பார். தோரியத்திலிருந்து கிளம்பும் கதிர்கள் காற்றை அயனியாக்குகின்றன, அதாவது காற்றின் அணுக்களிலிருந்து எலக்ட்ரானைப் பிரித்தெடுக்கின்றன; மீட்டர் எண்ணுவது அப்படி உண்டாகும் அயான்களைத்தான். எண் ஏற ஏறக் கதிரியக்கம் கூடுதல் என்றுதான் அர்த்தம். இத்தனைக்கும் செல்போன் அலைக்கு அப்படி அயனியாக்கும் ஆற்றலே கிடையாது!

2021 டிசம்பரில் நெதர்லாந்தின் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையம் இப்படி 10 பொருட்களில் கதிரியக்கம் இருப்பதைக் கண்டு, அணிய வேண்டாம் என்று எச்சரித்தது. அதில் குழந்தைகளுக்கான பிரேஸ்லெட்டும் ஒன்று. சரி, அளவு குறைவுதான், போட்டவுடன் யாருக்கும் எதுவும் ஆகிவிடாது, பீதியைக் கிளப்ப நான் எழுதவில்லை. ஆனால் ராத்திரி பகலாக ஒரே இடத்தில் ஒட்டிக் கிடந்தால் அதிலிருந்து வரும் ஒரு வகைக் கதிரான பீட்டா கதிரின் தாக்கம் பெரும்பாலும் அந்தத் தோலில்தான் இறங்கும். எக்ஸ்ரே எடுத்தால் நோயாவது தெரியும், இதில் என்ன லாபம்? பொம்மையிலும் நகையிலும் கதிரியக்கப் பொருளைச் சேர்ப்பது நியாயமே இல்லை என்று சர்வதேச அணுசக்தி முகமையின் பாதுகாப்பு விதிகள் சொல்கின்றன. மோனசைட்டோடு வேலை செய்யும் தொழிலாளிக்கு உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்க நெஞ்சில் குத்திக்கொள்ளும் டிஎல்டி பேட்ஜ் உண்டு, ஐந்து வருடச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட்டை (உடம்பு வாங்கும் கதிர்வீச்சின் அலகு) தாண்டக் கூடாது என்ற வரம்பும் உண்டு. அந்தப் பையன் வாங்கும் அளவை யார் பார்க்கிறார்கள்?

வீட்டில் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து கழற்றிவிடுங்கள். உடைக்கவோ தேய்க்கவோ வேண்டாம், தூள் மூச்சில் போனால் வெளியே அணிவதைவிட மோசம். மூடி போட்ட டப்பாவில் வைத்து, ஆட்கள் படுக்காத இடமாகப் பார்த்து ஒதுக்கிவிடுங்கள். அப்புறம், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் இந்த டாலர்களைக் கடைகளிலும் ஆன்லைனிலும் வாங்கிச் சோதித்து, எதில் எவ்வளவு இருக்கிறது என்று பெயரோடு தமிழிலும் வெளியிட வேண்டும்.

– ஒரு வாசகர், நாகர்கோவில்